பாதரசம், ஜாக்கிரதை!

“முடியாதுன்னா முடியாதும்மா. உங்களை விட்டா, நாளைக்கு இருபது பேரும் வரிசையில வந்து நிப்பாங்க.”

சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தையல் கூடத்தில் அவருக்குச் ‘சிடுசிடு’ என்று பெயர். வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

“அஞ்சே நிமிஷம் சார். என் பொண்ணு ஓட்டப் போட்டியில ஓடறா. பத்தே முக்காலுக்கு நம்ம வாசல் வழியாத்தான் போவாங்க. மூணு வருஷமா ஓடறா, ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.”

“முதலாளி கேமராவுல பார்த்துட்டே இருக்கார். போய் மிஷின்ல உக்காருங்க.”

பொத்தான் தைக்கும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“மனுஷனா இவரு? நெஞ்சுல ஈரமே கிடையாது” என்று பக்கத்து மிஷின்காரி பொருமினாள்.

கூடத்தின் நடுவே ஒரு ட்யூப்லைட் காலையிலிருந்து கண்ணடித்துக்கொண்டிருந்தது. அதை மாற்ற எலெக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். அந்த லைட்டின் சுவிட்சை அணைத்தார். சூடு ஆறும்வரை பொறுத்தார். இரண்டு முனையையும் பிடித்துக் கால் சுற்று திருப்பி, தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல இறக்கி, அட்டைப் பெட்டிக்குள் வைத்தார். அப்படிப்பட்ட மனிதர், இன்னொரு ட்யூபை எடுத்துக்கொண்டு இரண்டு படி ஏறினார்.

டமார்!

“யோவ்! கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா?” சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார்.

“அப்புறமா திட்டுங்க சார். முதல்ல எல்லாரும் வெளியே போங்க! ட்யூப் உடைஞ்சா பாதரச ஆவி வரும். ஏசியை நிறுத்துங்க, ஜன்னலைத் திறங்க. பதினஞ்சு நிமிஷம் யாரும் உள்ளே வரக்கூடாது.”

“ஆர்டர் தலைக்கு மேல கிடக்குதேய்யா!”

“பாதுகாப்பு விதி சுவத்துலயே ஒட்டியிருக்கு சார். படிச்சுப் பாருங்க.”

இருபது பேரும் வாசலுக்கு வந்தார்கள். சூப்பர்வைசரின் வாய் மட்டும் ஓயவில்லை.

“ஒரு லைட் உடைஞ்சதுக்கா இவ்வளவு கூத்து?” என்றாள் பக்கத்து மிஷின்காரி.

“குண்டு பல்பு மாதிரி கம்பி சூடாகி வர்ற வெளிச்சம் இல்லம்மா இது. உள்ளே துளி பாதரசம் இருக்கு. கரண்ட் பாய்ஞ்சதும் அந்த ஆவியிலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் கிளம்பும். கண்ணாடிக்கு உள்பக்கம் பூசின வெள்ளைப் பவுடர்தான் அதை வாங்கி வெளிச்சமாத் தருது” என்றார் எலெக்ட்ரீஷியன்.

“அப்போ ஸ்டார்ட்டர், சோக் எல்லாம்?”

“ஸ்டார்ட்டர் தட்டி எழுப்பும். சோக் ரொம்ப ஆடாம அடக்கி வைக்கும்.”

“எங்க வீட்டுல ரெண்டு வேலையும் நான்தான்!”

வாசலே சிரித்தது.

“கூட்டித் தள்ளிட்டா முடிஞ்சு போச்சு, இல்லையா?”

“ஐயையோ, துடைப்பமே ஆகாது. பாதரசம் எல்லா இடமும் பரவிடும். கையுறை போட்டு, அட்டையால வாரி, பொடியை டேப்பால ஒத்தி எடுத்து, இறுக்கமா மூடுற டப்பாவுல போடணும். குப்பைத் தொட்டியிலயும் போடக்கூடாது.”

அதற்குள் தெருமுனையில் விசில் சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மூன்றாவதாக வந்த ஒல்லிப் பெண், வாசலைப் பார்த்ததும் “அம்மா!” என்று கத்தினாள்.

“ஓடுடி! என் தங்கமே, ஓடுடி!”

பொத்தான் அக்கா செருப்பை விட்டுவிட்டுக் கூடவே இருபது அடி ஓடினாள். மற்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ஒல்லிப் பெண் முன்னால் போனவளைத் தாண்டியேவிட்டாள். அக்கா நடுத்தெருவில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கால் மணி நேரம் கழித்து அவள்தான் முதல் ஆளாக உள்ளே வந்தாள். எலெக்ட்ரீஷியன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துடைப்பத்தால் சாவகாசமாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே! என்ன இது, துடைப்பமா? பாதரசம் பரவிடாதா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “இது எல்.இ.டி. ட்யூப்மா. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இதுல பாதரசமே கிடையாது.”

அவளுக்கு மெல்லப் புரிந்தது.

“எனக்காகவா போட்டு உடைச்சீங்க? நீங்க நல்லா இருக்கணும்ணே. ஆனா அந்தச் சிடுமூஞ்சிக்குத் தெரிஞ்சா உங்க வேலையே போயிடுமே!”

வாசலில் சூப்பர்வைசர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

எலெக்ட்ரீஷியன் சிரித்தார். “எரியாமக் கிடந்த ட்யூபை ஸ்டோர் ரூம்ல தேடி எடுத்து, ‘சரியா பத்து நாப்பத்தி மூணுக்குக் கீழே போடு, மத்ததை நான் கத்திச் சமாளிச்சுக்கறேன்’னு என் கையில கொடுத்ததே அவர்தாம்மா.”