கடைசி வரிசை

அது அறுபத்திரண்டாம் வருஷம். நல்லமுத்து வாத்தியாரை நல்லாசிரியர் விருதுக்குச் சிபாரிசு செய்யலாமா என்று பார்க்க, புதிதாக வந்த பள்ளி இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கக் கொல்லிமலை ஏறினார்.

அந்த ஓராசிரியர் பள்ளியில் பாடம் நடந்துகொண்டிருந்தது. சரிவில் மழை மண்ணை இழுத்துப் போகாமல் சாமை விதைப்பது எப்படி என்று, கரும்பலகையில் கோடு கோடாக வரைந்து காட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். இன்ஸ்பெக்டர் உட்கார மறந்து வாசலிலேயே நின்று கேட்டார்.

கடைசி வரிசையில், பிள்ளைகளுக்கு நடுவே ஒரு நரைத்த தலை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது.

"கல்லு வரப்பு எத்தனை அடிக்கு ஒண்ணு வெக்கோணுங்க?" என்று கை தூக்கிக் கேட்டது.

இந்த வயதில் படிக்க வைத்திருக்கிறாரே! இன்ஸ்பெக்டர் அசந்துபோனார்.

பாடம் முடிந்ததும் ஓடிப்போய், பாடம் சொன்னவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம், நல்லமுத்து சார்! இருபத்தாறு வருஷ சர்வீஸ்னா சும்மாவா? இந்த பாரத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு எழுதத் தெரியாதுங்க சாமி. நான் செங்கோடன், காட்டு வேலை செய்யறவன். வெள்ளிக்கிழமையானா எங்கள்ல ஒருத்தர் வந்து பாடஞ் சொல்லோணுங்க. வாத்தியார் அதோ, கடைசியில உக்காந்து படிக்கறாருங்க."

நரைத்த தலை நோட்டோடு எழுந்து வந்தது. பக்கத்துக்குப் பக்கம் தேதி, பாடம், சொல்லிக்கொடுத்தவர் பெயர். அட்டையில் 'பதினோராவது நோட்டு' என்று எழுதியிருந்தது.

பாரத்தில் 'ஆசிரியர் பெற்ற பயிற்சிகள்' என்ற இடத்தில் இன்ஸ்பெக்டரின் பேனா நின்றுபோனது.

அதற்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள்.