அமெரிக்காக்காரியின் முதல் நாவல்

ஒரு பக்கம் முடிவதற்குள் றோசமலர் நாலு தடவை ஜன்னலுக்குப் போய் வந்துவிட்டாள்.

இருக்கச் சொல்லி கிளறா கெஞ்சிப் பார்த்தாள். குட்டி போட்ட பூனை எங்கே இருக்கும்?

ஒரேத்தோத் தெருவில் நாலாம் மாடிக் குசினி. வெளியே பலெர்மோவின் ஜூலை வெயில். மேசையில் அந்த ஆங்கில நாவல்.

எழுதியவள் நகரின் கால்சாப் பகுதியில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்த அமெரிக்காக்காரி. அவளுக்கு அது முதல் புத்தகம். அவள் வீட்டைத் துப்புரவாக்கியவள் றோசமலர். துடைப்பதும் கதைப்பதும் றோசமலருக்கு ஒரே வேலைதான். ஏழு வருடத்துக்கு முன், தொண்ணூறாம் ஆண்டில், ஊரில் ஆமி நடத்திய சுற்றிவளைப்பில் தம்பி பேனாட் காணாமல் போனதைத் தெரிந்த இத்தாலியனில் அழுதழுது சொல்லியிருந்தாள்.

அமெரிக்காக்காரி நியூயோர்க்குக்குத் திரும்பிப்போய் நாவலை முடித்தாள். ஒரு பிரதியை றோசமலருக்கும் அனுப்பிவைத்தாள்.

அதில் நியூயோர்க்கில் ஓடும் ஒரு தமிழ் டாக்சிக்காரன் வருகிறான் என்று கிளறாதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னாள். அன்றைக்குப் பிடித்தது கரைச்சல். தம்பியைக் காணாமல் அவள் எப்படி எழுதியிருப்பாள் என்று றோசமலர் ஒற்றைக்காலில் நின்றாள். நாவல் என்றால் கற்பனை என்று எவ்வளவு விளங்கப்படுத்தியும் அவளுக்கு ஏறவில்லை.

கிளறா பேனாட்டின் மனைவி. காத்துக் காத்துக் களைத்துப் போனவள். இப்போது அகஸ்ரின் அவளைக் கலியாணம் கேட்கிறான், நல்ல மனிதன். ஆனால் பேனாட் செத்துவிட்டான் என்று கூடப்பிறந்தவள் தன் வாயால் சொன்னால்தான் மேற்கொண்டு பார்க்கலாம் என்று மாதா கோயில் சுவாமி சொல்லிவிட்டார்.

புத்தகம் முடியாமல் அந்தச் சொல் தன் வாயில் வராது என்றாள் றோசமலர்.

கிளறா ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள். வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். எப்போது முடியும் என்றிருந்தது அவளுக்கு.

டாக்சிக்காரனுக்குக் கன்னத்தில் மச்சம். றோசமலர் நெஞ்சில் கைவைத்தாள்.

அது நீங்கள் சொன்னதுதானே என்றாள் கிளறா.

டாக்சிக்காரன் மீன்தலையைத்தான் முதலில் தின்பான். அதுவும் றோசமலர் சொன்னதுதான். இப்படியே ஒவ்வொன்றாய்க் கழித்துக் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டார்கள்.

மழை. டாக்சி ஆற்றின் மேலுள்ள பெரிய பாலத்தில் ஏறுகிறது.

அடுத்த வரிகளை கிளறா மனதுக்குள் வாசித்தாள். பாலம் தொடங்கியதும் அவன் இடதுகாலைத் தூக்கிக்கொண்டான். அக்கரை வரும்வரை கீழே வைக்கவில்லை. பின்னால் இருந்தவள் காரணம் கேட்டாள். பாலத்துக்குக் கொஞ்சம் பாரம் குறையட்டும் என்றான்.

கிளறா அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

ஏன் நிறுத்திவிட்டாய் என்று றோசமலர் ஜன்னலடியில் இருந்து கேட்டாள்.

"ஒண்டுமில்லை மச்சாள். பாலத்தைக் கடந்து வீட்டை போறான். கதை முடிஞ்சுது."

றோசமலர் அன்றைக்கு முதன்முறையாகக் கதிரையில் இருந்தாள். அழவில்லை. உள்ளங்கையால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கிளறாவின் தலையைத் தடவினாள்.

"பின்னேரம் சுவாமியிட்டை வாறன். தம்பி செத்துப்போனான் எண்டு சொல்லுறன். நீ இனியாவது வாழு."

கிளறா புத்தகத்தை மூடினாள்.

ஊரில் கலியாணம் முடிந்த கிழமை, தீவுக்குப் போகும் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் பேனாட் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு அவளையும் தூக்கச் சொன்னான். பாலத்துக்குப் பாரம் குறையுமாம். அக்காவுக்கும் தெரியாது, தெரிந்தால் சிரிப்பாள், ஒருவருக்கும் சொல்லாதே என்றான்.

அவள் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.