நத்தையைத் திருடியவன்

"திருட்டுப் பய, முதுகு ஓட்டைக்கூட விட்டு வைக்கல."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போனைப் பார்த்து இப்படிச் சொன்னதும் கவுன்ட்டர்காரி திரும்பிப் பார்த்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது வேலை. மயிரிழைக் கீறலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டுக்குப் போனால் பேச்சுத் துணைக்கு ஃப்ரிட்ஜ் போடும் சத்தம் மட்டும்.

அதனால்தான் இரண்டு வருஷமாக ஒரு காரியத்தைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். போனில் ஆடும் ஒரு நத்தை விளையாட்டைச் சோதித்துப் பார்ப்பது. மழை வருவதற்குள் நத்தையைச் சுவர் மேல் நகர்த்தி வீடு சேர்க்க வேண்டும். புதுப் பதிப்பு வெளியே வருமுன் இவளுக்கு வந்துவிடும். எங்கே இடறுகிறது, எங்கே நிற்கிறது என்று எழுதி அனுப்புவாள். காசு கிடையாது. அதைச் செய்தவரிடமிருந்து இரண்டு வரி பதில் வரும். அதுதான் கூலி.

'உங்களுக்கு இருக்கிறது கண்ணா, பூதக்கண்ணாடியா?' என்று ஒருமுறை கேட்டிருந்தார். ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

நாலு மாதமாக அந்த இரண்டு வரியும் நின்று போயிற்று. கடைசியாக எழுதியதில் அவள் கொஞ்சம் வெடுக்கென்று கேட்டிருந்தாள். பதினாலாவது கட்டத்தில் நத்தையை இடதுபக்கம் திருப்பினால் ஓடு தலைகீழாகிறது, மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், காதில் விழுகிறதா இல்லையா என்று. மனிதர் கோபித்துக்கொண்டார் போல. மன்னிப்புக் கேட்டு இரண்டு மெயில் போட்டாள். கிணற்றில் போட்ட கல்தான்.

இன்று காலை யாரோ ஒருவன் புதிதாக மெயிலில் அழைத்திருக்கிறான். 'நத்தை விளையாட்டு ஒன்று செய்திருக்கிறேன். சோதித்துப் பார்ப்பீர்களா?'

திறந்தால் அதே நத்தை. அதே சுவர். அதே மழை. பதினாலாவது கட்டத்துக்குப் போய் இடதுபக்கம் திருப்பினாள். ஓடு தலைகீழானது.

விஷயத்தைக் கேட்டதும் கவுன்ட்டர்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பரீட்சையில பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினவன், அவன் நம்பரையும் சேர்த்து எழுதிட்டு வந்தானாம். அந்தக் கதைதான்."

"சிரிக்காதே. என் மெயில் முகவரி அவர்கிட்ட மட்டும்தான் இருந்தது. அதையும் அடிச்சிருக்கான்."

"உங்களுக்கு என்னக்கா வந்தது? ஒண்ணைப் பார்த்து ஒண்ணு செய்யறதுதானே உலகம். நம்ம ஷோகேஸ்ல தொங்கறதெல்லாம் மட்டும் அசல் பிரேமா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது.

"பிரேம் கம்பெனியில ஆயிரம் பேர் இருக்கான். இவர் ஒத்தை ஆளா உட்கார்ந்து செஞ்சவர்டி."

சாப்பிடாமலே ஆப் ஸ்டோருக்குப் புகார்ப் படிவத்தை நிரப்பி அனுப்பினாள். சாயங்காலம் பதில் வந்தது. புகாரைப் படைப்பின் உரிமையாளர்தான் தர வேண்டுமாம். பார்த்தவர், ஆடியவர் யார் தந்தாலும் செல்லாதாம். விளையாட்டைச் செய்தவருக்கு மறுபடியும் எழுதினாள். அங்கே அதே மௌனம்.

பிறகு நேரே திருடனுக்கே எழுதிவிட்டாள். ஒருவர் உயிரைக் கொடுத்துச் செய்ததை நோகாமல் தூக்கிக்கொண்டு போக வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்டீர்களா என்று கேட்டாள். அவர் வாய் திறக்காவிட்டாலும் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று முடித்தாள்.

மறுநாள் மதியம் பதில் வந்தது.

'வணக்கம் அம்மா. அனுமதி கேட்க முடியலைங்க. அவர் என் அண்ணன். நாலு மாசம் முன்னாடி நெஞ்சுவலியில போயிட்டார்.

அவர் கம்ப்யூட்டரைத் திறக்கற பாஸ்வேர்டு எங்க யாருக்கும் தெரியாது. நான் பெயின்டர். கட்டடத்துக்கு வர்ணம் அடிக்கிறவன். வீடியோ பார்த்துப் பார்த்து இந்த வேலையைக் கத்துக்கிட்டேன். அவர் விளையாட்டை ஆடி ஆடிப் பார்த்துத்தான் செஞ்சேன். இதுல எது தப்பு, எது சரின்னு எனக்குத் தெரியாது. அந்த ஓடு தலைகீழாகறதை அண்ணன் வேடிக்கைக்கு வச்சதுன்னு நினைச்சு, அதைக் கொண்டு வர மட்டும் மூணு நாள் மெனக்கெட்டேன்.'

"என்னக்கா, மன்னிப்புக் கேட்டானா?" என்றாள் கவுன்ட்டர்காரி.

அக்கா திரையை மேலே தள்ளினாள். படிக்க இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

'உங்க முகவரி அவர் மேஜைக்கு மேல சுவத்துல ஒட்டியிருந்தது. வேற யார் முகவரியும் அங்க இல்லை. விளையாட்டை ஓட்டற சர்வர்ல அவர் கணக்கைப் புதுப்பிக்க ஆள் இல்லாததால, பழைய விளையாட்டு அடுத்த மாசம் யார் போன்லயும் திறக்காதுன்னு சொல்லிட்டாங்க. இதை விக்கற எண்ணமெல்லாம் எனக்கு இல்லைங்க. தன் விளையாட்டை விடாம ஆடறதுக்கு உலகத்துல ஒரே ஒருத்தர் இருக்காங்கன்னு அண்ணன் சொல்லிட்டே இருப்பார். அடுத்த மாசம் அவங்க திறந்து பார்த்து, ஒண்ணும் இல்லாம ஏமாந்து போயிடக் கூடாதேன்னுதான்.'