பனங்கிழங்கில் போட்ட மோதிரம்

பனங்கிழங்கில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதில் இறுக்கமாக மாட்டியிருந்த செம்பு மோதிரத்தை மட்டும் அறுத்து, விரித்து எடுத்தான் ததேயுஸ்.

வடசேரியில் நகைப்பட்டறை வைத்திருந்த சுயம்புலிங்கம் ஆசாரி, கிழங்கை வாங்கி வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் அறுக்கீரு. கட்டுமரம் தள்ளுத கைக்கு எதுக்குவே இந்த வேலை? மீனுக்கு மூக்குத்தி செய்து போடப் போறீரா?"

"சும்மா ஒரு ஆசை அண்ணாச்சி. கடலுக்குப் போகாத நேரத்துல பொழுது போகணும்லா."

ஒரு மாதமாக இதே பதில்தான். மணக்குடிக் கரையில் வலையை உலர்த்திவிட்டு, பனங்கிழங்குக் கட்டோடு வெயிலில் நடந்து வருவான். ஆசைக்குப் படிக்க வருகிறவர்கள் கம்மல் செய்யக் கேட்பார்கள், கொலுசு செய்யக் கேட்பார்கள். இவன் கேட்டது இரண்டே இரண்டு. மோதிரத்தை விரலில் இருக்கும்போதே அறுப்பது. அறுத்ததைத் தடம் தெரியாமல் பற்றவைப்பது.

"மோதிரத்துக்கு அடியில தகடு சொருகிட்டா பயமில்லன்னு சொன்னேன்லா. பிறவு ஏன்வே இப்படி விறைக்கீரு? அறுப்புவாள் தோலுல பட்டா ஆளே கையை இழுத்துக்கிடும்."

ததேயுஸ் தலை நிமிரவில்லை.

"இழுக்காது அண்ணாச்சி. அது நோவு தெரியாத கை."

உமியோட்டில் நெருப்பை ஊதிக்கொண்டிருந்த ஆசாரியின் மூச்சு நின்றது.

"வாளை ஒருநாளைக்குத் தருவீங்களா? இனியும் தாமதிச்சா விரலு அழுகிப் போகும்."

முந்தின வாரம்தான் ஏட்டு ஐயப்பன் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "கடற்கரைப் பக்கம் எவனோ புதுசாப் பிணம் புதைச்ச குழியைத் தோண்டி நகை எடுக்கான். அறுத்த மோதிரம் வந்தா எனக்குச் சொல்லணும். மறைச்சா உமக்கும் மகாராஜா ஜெயிலுதான் ஓய்."

நடந்து களைத்து வருகிறானே என்று தினமும் அவனுக்காக ஒரு செம்பு மோர் எடுத்து வைத்தவர் சுயம்புலிங்கம். அந்தச் செம்பைப் பிடித்த விரல்களை இப்போது பார்த்தார். செத்தவர்களின் விரலில் கைவைக்கிறவனுக்கா தொழில் சொல்லிக் கொடுத்தோம்?

"பட்டறை ஆயுதம் படி தாண்டப்படாதுவே" என்றார், குரல் மாறாமல். "அறுக்க வேண்டியதை இங்க கொண்டுவாரும். நாளைக்கு உச்சிக்கு. பின்வாசல் வழியா."

ததேயுஸ் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். அவன் முகத்தில் வந்த சந்தோஷம் அவரை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் உச்சி வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஏட்டு ஐயப்பன் கைவிலங்கோடு உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். ஆசாரி இருமியதும் அவர் வெளியே பாயவேண்டும் என்று ஏற்பாடு.

பின்வாசலில் ஒரு கூண்டுவண்டி வந்து நின்றது. ததேயுஸே ஓட்டி வந்திருந்தான். உள்ளே வைக்கோலின் மேல், தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி மூடிய ஓர் உருவம் கிடந்தது. அசைவில்லை.

துணிக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, பலகையின்மேல் வைத்தான். மோதிரவிரல் வீங்கிக் கறுத்திருந்தது. பொன் சதைக்குள் புதைந்து ஒரு கோடாகத் தெரிந்தது.

"யாருவே இது?" ஆசாரி எட்டி நின்றே கேட்டார்.

"எனக்க பெண்டாட்டி. வியாகுலம்." வாளை எடுத்த ததேயுஸ் அவரை ஏறிட்டுப் பார்த்தான். "நீங்க தொடவேண்டாம் அண்ணாச்சி. தள்ளி நின்னாப் போதும்."

சொந்தப் பெண்டாட்டியையா தோண்டி எடுத்து வந்திருக்கிறான்!

ஒரு மாதம் பழகிய கை இன்று தடுமாறியது. சொருகிய தகடு நழுவி வைக்கோலில் விழுந்தது. கண்ணில் நீர் மறைக்க, அதைக்கூடக் கவனிக்காமல் அவன் வாளை வைத்தான். வாளின் பல் நேராகச் சதையின்மேல் நின்றது.

இருமவேண்டிய நேரம் அதுதான். ஆனால் பிணமானாலும் அது ஒரு பெண்ணின் கை. அதன்மேல் வாள் படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

"தாயே" என்று முனகிக்கொண்டே குனிந்து தகட்டைத் தேடி எடுத்தார். தாமே அந்த விரலைப் பிடித்து, மோதிரத்துக்கு அடியில் மெல்ல மெல்லச் சொருகினார்.

விரல் காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தது.

தொண்டைவரை வந்த இருமல் அங்கேயே நின்றது. வெள்ளைத் துணி மெதுவாக விலகியது. புருவம் உதிர்ந்து, காதுமடல் தடித்து, பெருநோய் தின்ற ஒரு முகம், தன் விரலைப் பிடித்திருந்த அந்த அன்னியக் கையையே நம்பமுடியாமல் பார்த்தது.

ஆசாரி கையை எடுக்கவில்லை. ததேயுஸிடமிருந்து வாளை வாங்கிக்கொண்டு, வண்டிப் பலகையில் உட்கார்ந்தார்.

அவள் சொன்னாள்: "ரத்தம் வந்தா சொல்லுங்க அண்ணாச்சி. எனக்குத் தெரியாது."