மூன்றாவது ரிமோட்

ஆறு வினாடி அழுத்தினால் போதும், நோலீன் நாளைக்கு உள்ளே வர முடியாது.

ஏணியின் நான்காவது படியில் நின்றுகொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முகத்துக்கு நேரே காரேஜ் கதவின் மோட்டார். மூடியைக் கழற்றியாயிற்று. உள்ளே சிவப்பாக ஒரு பொத்தான். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு.

என் கணவன் கெல் கீழே நிற்கிறான். தோளில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கை கழுத்திலிருந்து பட்டையில் தொங்குகிறது. அந்தக் கையால் முடியாததையெல்லாம் என் கையால் செய்துகொண்டிருக்கிறான்.

போன வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக் காரேஜில் புகுந்துவிட்டார்கள். கம்ப்ரசர், மரம் அறுக்கும் மெஷின், இரண்டு சைக்கிள். அதிலிருந்து கெல்லுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போலீஸ்காரப் பெண் கொடுத்துவிட்டுப் போன தாளை வரிவரியாக டிக் அடித்துக்கொண்டு வருகிறான்.

ஜன்னலில் உள்ளே தெரியாதபடி தாள் ஒட்டினோம். புல்வெட்டியைச் சங்கிலியால் கட்டினோம். கதவின் மேல் இடுக்கில் கம்பியை விட்டு, மோட்டாரிலிருந்து தொங்கும் அவசரக் கயிற்றை இழுத்தே திறந்துவிடுகிறார்களாம். அதையும் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கினேன். காரேஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். அதை மட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

தாளில் கடைசி வரி: ரிமோட் எதுவும் தொலைந்திருந்தால் மோட்டாரின் நினைவை அழித்துவிடவும். அழித்துவிட்டால் பழைய ரிமோட் எதற்கும் கதவு திறக்காது.

ஜூன் மாதம், இருக்கும் மூன்று ரிமோட்டில் என்னுடையது கடை வாசல் கார் நிறுத்தத்தில் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். உன் தலையையும் சாவிக்கொத்தில் மாட்டி வைக்கணும் என்று அப்போது சிரித்தான். இப்போது சிரிக்கவில்லை. பூட்டு எதுவும் உடையாமல் காரேஜில் இருக்கும் இரண்டாவது ஃப்ரிட்ஜிலிருந்து சாமான் போவதைக் கவனித்துவிட்டான்.

"பாதி ரொட்டி போயிருக்கு, லசான்யா போயிருக்கு, டிரில்லு வச்ச இடத்துலயே இருக்கு. எவன்கிட்டயோ அந்த ரிமோட் மாட்டியிருக்கு கிளென். திருடனா, பட்டினி கிடக்கறவனான்னுதான் தெரியல."

எவனிடமும் இல்லை. என் அக்காவிடம் இருக்கிறது.

நோலீனுக்கு அறுபத்து நான்கு வயது. மே மாதத்திலிருந்து காரில் வசிக்கிறாள். எங்கள் ஊர் டூவூம்பாவின் ஜூன், ஜூலைக் குளிரில், பின் இருக்கையை மடக்கிவிட்டு, இரண்டு கம்பளிக்குள். கடை வாசலில் ஒரு காலை அவள் பிளாஸ்டிக் கோப்பையோடு பல் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சாவிக்கொத்திலிருந்து ரிமோட்டைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். தொலைந்த இடம் மட்டும் பொய்யில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்பிருந்தே வியாழக்கிழமைகளில் கெல்லை நான் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறேன். எங்கள் கார் தெருமுனை தாண்டியதும் அவள் வருவாள். காரேஜ் மூலையில் இருக்கும் மெஷினில் துணி போடுவாள். தொட்டியில் தலை அலசுவாள். நான் வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு, தரையைத் துடைத்துவிட்டுப் போவாள். கெல்லுக்குத் தெரியக் கூடாது என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை.

அவளுடைய போன் இணைப்பு போய் ஒரு மாதம் ஆகிறது. முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

நாளைக்குக் கதவு திறக்காவிட்டால் இன்னொரு முறை அழுத்திப் பார்ப்பாள். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றாது; வர வேண்டாம் என்கிறோம் என்றுதான் நினைப்பாள். நாங்கள் திரும்பும்வரை காத்திருக்க மாட்டாள். காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதற்குப் பிறகு எந்த ஊரில் போய் அவளைத் தேடுவேன்?

கெல்லிடம் சொல்லிவிடலாம். கத்த மாட்டான். கத்துகிறவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மே மாதம், குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று நோலீன் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். அவள் போனதும், பின்னறையைக் கொடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னவன் கெல். கட்டில் போட அளவுகூட எடுத்தான்.

மறுநாள் நான் தனியாகப் போய் அவளைப் பார்த்தேன். கெல்லுக்குச் சரிப்படாது என்று சொன்னேன். திரும்பி வந்து கெல்லிடம், அவள் கிளாட்ஸ்டனில் மகனோடு இருக்கப் போகிறாளாம் என்றேன்.

இரண்டு பேருமே நம்பினார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை மாதமாக யோசித்துவிட்டேன். நோலீன் அடுத்தவர் வீட்டு அலமாரியைக் கேட்காமல் அடுக்கி வைப்பாள். அவள் பக்கத்தில் நின்றால் எனக்கு இன்னும் எட்டு வயதுதான். இதற்கு மேல் ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"அழுத்து கிளென். வெளக்கு அணையறவரைக்கும் வெரல எடுத்துடாத."

விரலைப் பொத்தானின் மேல் வைக்கிறேன். கெல் கீழிருந்து எண்ணுகிறான். தோட்டத்தில் குழாயடியில் நின்று தண்ணீர் பிடிக்கிறவனைப் போல, அவசரமில்லாமல் எண்ணுகிறான்.

ஆறும் ஆயிற்று. விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

மறுபடியும் அழுத்தச் சொல்கிறான். பொத்தான் இறுகியிருந்தால் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்தச் சொல்கிறான். இறங்குகிறாயா, ஒற்றைக் கையால் நானே ஏறிச் செய்கிறேன் என்கிறான்.

"அழுத்த மாட்டேன் கெல்."

அவன் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறான்.

நான் கீழே இறங்கவில்லை. மூடியை மோட்டாரின் மேல் பொருத்தி, முதல் திருகைத் திரும்பப் போட ஆரம்பிக்கிறேன்.