அத்தையை அக்கரை சேர்த்த கதை

"சீட் பெல்ட்டைக் கழட்டுங்க அத்தை. கதவையும் சாத்தாதீங்க, அப்படியே கையில புடிச்சுக்குங்க."

"என்னைக் கொல்லப் பாக்குறீங்களா மாப்ளே?"

"பொழைக்க வைக்கப் பாக்குறேன். ஐஸ் உடைஞ்சா வெளிய குதிக்கணும்ல?"

கெஸ்கில் தன் பழைய ஜீப்பை லேனா நதியின் மேல் இறக்கினான். நதி உறைந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. படகுகள் நின்றுவிட்டன. ஐஸ் மேல் வண்டி ஓட்ட அரசாங்கம் இன்னும் அனுமதி தரவில்லை. அக்கரைக்குப் போக வேண்டுமானால், மீன் பிடிப்பவர்களின் தடத்தில் திருட்டுத்தனமாகத்தான் போக வேண்டும். மைனஸ் முப்பத்தைந்து குளிர், திறந்த கதவு வழியாக உள்ளே வந்து காதைத் திருகியது.

புத்தியுள்ளவன் இந்த வேலைக்கு வரமாட்டான். கெஸ்கிலுக்கும் புத்தி உண்டு. ஆனால் வீட்டில் மாமியாரும் இருந்தாளே! "நாலே நாள்தான்" என்று கடைசிப் படகில் வந்திறங்கிய அகுலினா, அவனுடைய சோபாவில், அவனுடைய டி.வி. முன்னால் வேரூன்றிவிட்டாள். அவன் தின்பது, தூங்குவது, குறட்டை விடுவது எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு கருத்து இருந்தது. நேற்று அவன் மனைவி நரியானா, "அம்மா இந்தக் குளிர்காலம் பூரா இங்கேயே இருக்கட்டுமேங்க" என்றாள். அப்போதுதான் அவனுக்கு வீரம் வந்தது.

"நாளைக்கே கொண்டு போய் விட்டுட்டு, சாயங்காலம் மேட்சுக்குத் திரும்பிடுவேன்!"

நரியானா சண்டை போடவில்லை. காலையில் அவன் வீட்டுச் செருப்பைக் காணவில்லை என்று கத்தியபோதுகூடக் கோபப்படவில்லை. அவளே மப்ளரைச் சுற்றிவிட்டு, கன்னத்தில் முத்தமும் கொடுத்து அனுப்பினாள். கல்யாணமான புதிதில் பார்த்த முத்தம்.

"கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்" என்றாள் அகுலினா.

"மெதுவாப் போனா முழுகிடுவோம். வேகமாப் போனா சறுக்கிடுவோம். எது வேணும், சொல்லுங்க."

"வீட்டுலயே இருந்திருக்கலாம். நான் பாட்டுக்கு சோபாவுல கிடந்திருப்பேன்."

அந்தச் சோபாவை நினைத்ததும் கெஸ்கிலின் கால் தானாகவே ஆக்சிலேட்டரை அழுத்தியது.

அகுலினா ஒரு டப்பாவைத் திறந்து, வெண்ணெய் தடவிய அப்பங்களை ஒவ்வொன்றாகக் கதவு வழியே வீசினாள். "சாப்பிடும்மா நதித்தாயே! வண்டி ஓட்டுறவன் ஒரு கிறுக்கன். அவனுக்காக என்னைத் தண்டிச்சிடாதே!"

"எனக்கும் சேர்த்து வேண்டிக்குங்க அத்தை!"

"அப்பம் தீந்துபோச்சு மாப்ளே."

டப்பாவை மூடிவிட்டு அவள் தொடர்ந்தாள். "எங்க ஊர் ஏரியில ஐஸ் இப்போ அறுக்குற பதத்துல இருக்கும். அறுத்து அடுக்கினாத்தான் குளிர்காலத்துக்குக் குடிக்கத் தண்ணி. போன வருஷமும் உங்களைக் கூப்பிட்டேன். இடுப்புவலின்னீங்க."

"இந்த வருஷமும் வலிக்குது அத்தை."

"அதுக்கு முந்தின வருஷமும் வலிச்சுது."

"பரம்பரை வலி. எங்கப்பாவுக்கும் ஐஸ் அறுக்குற மாசத்துலதான் வரும்."

நடு நதியில், வண்டிக்கு அடியில் வேட்டுச் சத்தம் கேட்டது. விரிசல் ஒன்று முன்னால் ஓடியது. சக்கரத்தின் இருபுறமும் தண்ணீர் தெறித்தது. கெஸ்கிலுக்கு உயிரே போய்விட்டது.

"அத்தை! மடியில இருக்கிற பையை வெளிய தள்ளுங்க! பாரம் கொறையணும்!"

"மாட்டேன்!"

"வரும்போது ஒரு கைப்பையோட வந்தீங்க. இப்ப என்ன, வீட்டையே சுருட்டிட்டீங்களா? தள்ளுங்கன்னா!"

"வேணும்னா என்னைத் தள்ளுங்க. பையைத் தரமாட்டேன்!"

கெஸ்கில் ஒரு கணம் அதையும் யோசித்துப் பார்த்தான். அதற்குள் ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி விரிசலைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சக்கரத்தின் கீழே மண் வந்தது. மண்ணை இப்படிக் காதலிக்க முடியும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது.

"பாத்தீங்களா அத்தை! உங்களை பஸ் ஏத்திவிட்டா என் வேலை முடிஞ்சுது. அப்புறம் வீடு, சோபா, மேட்ச்!"

கரை மேட்டில் ஏறியதும் இரண்டு போலீஸ்காரர்கள் வழிமறித்தார்கள்.

"திரும்பிப் போற எண்ணமெல்லாம் இருந்தா விட்டுடுங்க. நேத்து ஒரு லாரி உள்ள போயிடுச்சு. இனிமே ஐஸ் மேல ரோடு திறக்க ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா! சார், இப்பத்தானே வந்தேன்!"

"வந்ததுக்கு அபராதம். போனா வண்டி எங்களுக்கு, நீங்க மீனுக்கு. நேத்துலேர்ந்து இங்கதான் நிக்கிறோம். இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியுமே!"

கெஸ்கில் கெஞ்சினான், கொஞ்சினான், தனக்கு இதய நோய் என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஜீப்பில் சாய்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஒரு மாசம்! உங்க வீட்டுல! மாத்திக்க ஒரு துணிகூடக் கொண்டு வரலையே அத்தை!"

அகுலினா பதறவில்லை. ஆற்றின் நடுவில் உயிரைப்போல் கட்டிக்கொண்டிருந்த பையை ஜீப்பின் பானெட் மேல் வைத்து, ஜிப்பை மெல்ல இழுத்தாள். மேலாக அவனுடைய வீட்டுச் செருப்பு. அதற்குக் கீழே அவனுடைய கம்பளி பனியன்கள், ஷேவிங் செட், கம்பளி பூட்ஸ், ஐஸ் கட்டி தூக்குகிற முரட்டுத் தோல் கையுறை ஒரு ஜோடி.

"நேத்தே அடுக்கிட்டா என் பொண்ணு" என்றாள் மாமியார். "உங்க இடுப்புவலிக்குத் தைலம்கூட வெச்சிருக்கா, பாருங்க."