கண் கலங்கிய பக்கம்

வருடத்துக்கு ஐம்பத்திரண்டு புத்தகம் படித்துவிடுவதாகத் தெருவுக்கே தெரியும்படி சபதம் போட்டிருந்த கணக்கு வாத்தியார், கடைசிப் புத்தகத்தை மேஜையில் வைத்தார்.

“முடிச்சாச்சு. மூணே நாள்.”

ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனன் மேலுறையைப் பார்த்தான். “கடல் நாவலா மாமா? எப்படி இருக்கு?”

“பக்கத்துக்குப் பக்கம் உப்புக்காத்து. அந்தப் படகோட்டி சாகற இடத்துல கண் கலங்கிடுச்சு. இதெல்லாம் உங்க அக்கா மண்டைல எங்க ஏறும்? வருஷம் பூரா ஒரே புத்தகம். அதுவும் கோழி வளர்ப்பு. படிக்கிற மூஞ்சியப் பாரு.”

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மைத்துனன் ஆசையாகப் புத்தகத்தைப் பிரித்தான். முதல் பக்கத்தில் ஒரு சேவல் நின்றது. வேகமாகப் புரட்டினான். கூண்டு, தீவனம், அடைகாக்கும் முறை, கோழிக்கு வரும் நோய்கள்.

“மாமா...”

“நான்தான் மாத்தினேன்,” என்றாள் அக்கா, கையிலிருந்த சட்டையை நீவிவிட்டபடி. “என் புத்தகத்தைக் கண்டாலே இவர் கேலி பண்றாரேன்னு, அந்த நாவலோட உறையை எடுத்து இதுக்குப் போட்டு வச்சிருந்தேன்.”

பிறகு கணவரைப் பார்த்தாள்.

“இதுல சாகறதெல்லாம் கோழிதாங்க. நீங்க எந்தக் கோழிக்கு அழுதீங்க?”